வலது சீட்டுக்குப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

விமானம் ஓட்டக் கற்றுத்தரும் உதவிப் பயிற்றுநர் ரேட்டிங் (தகுதி) உனக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். ரொம்ப சந்தோஷம். எங்களுக்குப் பறக்கச் சொல்லித்தந்த சார் இன்று இருந்திருந்தால் உன்னை ஹேங்கர் வாசலில் உட்காரவைத்து வெயில் தாழும்வரை பேசியிருப்பார். நீ அவரிடம் படிக்கவில்லை, நாங்கள் படித்தோம். அந்த உரிமையில் எழுதுகிறோம்.

மீனம்பாக்கத்தில் 1930-லிருந்தே ஃப்ளையிங் கிளப் உண்டு. பல்லாவரத்துப் பையனான சாருக்கு அங்கே முதலில் கிடைத்தது விமானம் அல்ல, மெக்கானிக்குகளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலை. பிளக்கைக் கழற்றித் துடைத்தார், எண்ணெய் மாற்றினார், விமானங்களைத் தள்ளினார். என்சிசி ஏர் விங் வழியாகத்தான் பறக்கும் வாய்ப்பு வந்தது. லைசென்ஸ் வாங்கியபின்னும் கிளம்புமுன் கவ்லிங்குக்குள் (எஞ்சின் மூடிக்குள்) தலையை விட்டுப் பார்க்கும் பழக்கம் அவரை விடவில்லை. தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க டேங்கிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கப்பில் வடிப்பதை மாணவர்கள் சடங்காகச் செய்வது அவருக்குப் பிடிக்காது. 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் நீல நிறம், தண்ணீர் அதன் அடியில் தங்கும், நடுவே கோடு தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். கப் முழுக்கத் தண்ணீரே வந்தால் கோடு எங்கிருந்து தெரியும்? வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்து நிறத்தைப் பார், முகர்ந்து பார் என்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நின்ற விமானமென்றால் இரண்டு இறக்கைகளிலும் திரும்பத் திரும்ப வடிக்கச் சொல்வார்.

அவர் பழகியது எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கட்டிய புஷ்பக் விமானத்தில். 1958-ல் முதலில் பறந்த ரகம்: 90 குதிரைத்திறன் எஞ்சின், துணி போர்த்திய இறக்கை, வாலில் சக்கரம். அதன் எடை மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். இறங்கி ஓடும்போது மூக்கு லேசாகத் திரும்பினாலும் வால் முந்திக்கொண்டு வரப் பார்க்கும். கால் ஒரு கணம் அசந்தால் விமானம் ரன்வேயிலேயே சுழன்று இறக்கை நுனியைத் தரையில் தேய்த்துவிடும். நீ சொல்லித்தரப்போகும் செஸ்னா 152-ல் சக்கரம் மூக்கில். கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் தானாக நேராகிவிடும். அதனால்தான் மாணவர்களின் கால் தூங்குகிறது. முழு த்ராட்டிலில் (எஞ்சின் பவரை முழுதாகத் திறந்து) மேலேறும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும், விமானம் வழுக்குவதைக் காட்டும் கருவியில் பந்து வலப்பக்கம் ஒதுங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மூக்கைத் திருப்பும் வலது ரடர் மிதியை நீயே அழுத்திக்கொடுத்தால் அவர்கள் கடைசிவரை கற்கப்போவதில்லை.

பயிற்றுநர் உட்காரும் வலது சீட் முதலில் உன்னையே குழப்பும். த்ராட்டில் இடது கைக்கு வந்துவிடும். ஏர்ஸ்பீட் (காற்றில் விமானத்தின் வேகம்) காட்டும் கருவியைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதால் முள் சில நாட் (விமான வேக அளவு) தள்ளிக் காட்டும்; பந்தும் அப்படித்தான். மூக்கின் நடுவைக் குறிவைத்தால் கோணலாக இறங்குவாய். உன் கண்ணுக்கு நேர் முன்னால் கவ்லிங்கில் ஒரு ரிவெட்டைத் தேர்ந்துகொள். மாணவர் இல்லாமல் சில சர்க்யூட் (ஏறி, ரன்வேயைச் சுற்றி வந்து இறங்குவது) போய் இதைப் பழகிவிடு.

சார் எதிலும் பொறுமை காட்டியவர் இல்லை, மாணவரின் லேண்டிங்கைத் தவிர. யோக்கை (விமானத்தின் ஸ்டியரிங்கை) இறுக்கிப் பிடிப்பவருக்கு விரல்களுக்கு நடுவே ஒரு பென்சிலைக் கோத்துவிடுவார். இறுக்கினால் வலிக்கும், அவ்வளவுதான். ஃப்ளேரை (தரை தொடுமுன் மூக்கைத் தூக்குவதை) அதிக உயரத்தில் தொடங்கி விமானம் மிதந்தால், பயத்தில் மூக்கை அமுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மூக்குச் சக்கரம் முதலில் மோதும், எகிறும், மறுபடி மோதும். ஒவ்வொரு தடவையும் பலம் கூடும். அடி ஃபயர்வால்வரை (எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவர்வரை) போகும், அதைச் சரிசெய்வது பெரிய செலவு. லேசாக மிதந்தால் மூக்கை அப்படியே பிடித்துக்கொண்டு துளி பவர் கொடுத்தால் போதும். அதற்குமேல் போனாலோ ஒரு தடவை எகிறிவிட்டாலோ கோ-அரவுண்ட்தான், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றி வருவது: முழு பவர், கார்ப் ஹீட் (கார்பரேட்டருக்குச் சூடான காற்று விடும் குமிழ்) உள்ளே, ஃப்ளாப் (இறக்கையின் பின்பக்க மடிப்பு) 20 டிகிரிக்கு, வேகம் 55 நாட், மீதி ஃப்ளாப் பிறகு. மாணவரின் தப்பை எவ்வளவு தூரம் விடலாம் என்பதை வண்டி ஏறுமுன்னே முடிவு செய்துகொள்வார் சார். கை மடியில் இருக்கும், ஆனால் யோக்கிலிருந்து நான்கு விரல் தூரத்தில். எடுப்பதென்றால் "என் கண்ட்ரோல்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். சொல்லாமல் லேசாக உதவினால் நன்றாக இறக்கியது தான்தான் என்று மாணவர் நினைத்துக்கொள்வார்.

கார்ப் ஐசை (கார்பரேட்டருக்குள் உறையும் பனியை) நம் ஊர்ப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். இந்த வெயிலில் ஐஸா என்பார்கள். கார்பரேட்டரின் குறுகலில் காற்று விரிந்து, பெட்ரோலும் ஆவியாகும்போது வெப்பம் 20 டிகிரிக்கு மேல்கூட இறங்கலாம். கடலோர ஈரக்காற்றுக்கு அது போதும். குறைந்த பவரில் இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். கார்ப் ஹீட்டை இழுத்ததும் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) குறையும், ஐஸ் உருகும்போது எஞ்சின் தடதடக்கும், பிறகுதான் ஏறும். அந்தத் தடதடப்பில் பயந்து ஹீட்டை மூடிவிடுவார்கள்; மூடவிடாதே.

சென்னைக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன், ஜூலையில் காலையில் மேற்குக் காற்று, மதியத்துக்குமேல் கிழக்கிலிருந்து கடற்காற்று. மாறும் நேரத்தில் மேலே ஒன்று, தரையோரம் இன்னொன்று என்று வீசும். மேற்கு நோக்கி இறங்கும் ரன்வே 25-க்கு வருபவருக்கு எதிர்க்காற்று திடீரென்று பின்காற்றாகி ஏர்ஸ்பீட் சரியும். 38 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால் கடல்மட்டத்திலேயே விமானம் ஏறத்தாழ 2,800 அடியில் இருப்பதுபோல நடந்துகொள்ளும், 110 குதிரைத்திறனில் ஏற்றம் மந்தமாகத்தான் இருக்கும். இன்று ஜெட்டுகளின் வரிசைக்கு நடுவே 60 நாட்டில் வரும் செஸ்னாவுக்கு மீனம்பாக்கத்தில் இடம் கிடைப்பது அரிது, பிள்ளைகள் பெரும்பாலும் வெளியூர் போய்த்தான் பறக்கிறார்கள். ஆனாலும் கடலோரத்தில் எந்த ஊரென்றாலும் இந்தக் கணக்கு உதவும்.

மாணவரை முதல் சோலோவுக்கு (தனியாகப் பறக்க) அனுப்பும் அதிகாரம் உனக்கு இன்னும் இல்லை. அந்த நாள் வரும்போது சார் மாணவரிடம் சொன்ன இரண்டே விஷயத்தைச் சொல். ஒன்று, நான் இறங்கியதும் எழுபது, எண்பது கிலோ குறையும். சீக்கிரம் தரையை விடும், வேகமாக ஏறும், இறங்கும்போது கூடுதலாக மிதக்கும். இரண்டு, லேண்டிங் பிடிக்கவில்லையென்றால் கோ-அரவுண்ட் போ, எத்தனை தடவை வேண்டுமானாலும். சொல்லிவிட்டு, உன் பக்கத்து சீட் பெல்ட்டை மறக்காமல் கட்டிவிட்டு இறங்கு. தொங்கவிட்டால் யோக்கில் சிக்கும்.

அன்புடன்,
சாரின் பழைய மாணவர்கள்