ஆகாயத்தாமரை என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

எங்கள் பகுதிக் குளமொன்றில் ஆகாயத்தாமரை பரவியிருப்பதாகத் தங்கள் பத்திரிகையில் படத்துடன் செய்தி வந்திருந்தது. வன்னிக் குளங்களின் பாடு பத்திரிகையில் வருவதே பெரிய உதவி, அதற்கு நன்றி. ஆனால் படத்தில் இருப்பது சல்வீனியா என்ற வேறொரு மிதக்கும் களை. சின்ன விஷயம்தானே என்று விட எனக்கு மனம் வரவில்லை. விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் பிழைத்தால் வேலையும் பிழைத்துப்போவதைக் குளக்கட்டில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆகாயத்தாமரை என்று சித்த மருத்துவம் சொல்வது பிஸ்ரியாவை. காம்பே இல்லாமல், மெல்லிய மயிர் படர்ந்த இலைகள் வட்டமாக அடுக்கி மிதக்கும். பத்திரிகைகளோ ஊதாப் பூப் பூக்கும் செடியை அப்படி எழுதுகின்றன. மட்டக்களப்பார் அதை ஆற்றுவாழை என்பார்கள். அதை ஒழிப்பதற்கென்றே இந்நாட்டில் 1909இல் தனிச் சட்டம் போட்டார்கள். இப்போது சல்வீனியாவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. மருந்துக்கென்று தேடிப் போகிறவர் எதைப் பிடுங்கி வருவார், சொல்லுங்கள்.

அதனால்தான் தாவரவியல் பெயரையும் சேர்த்து, தமிழ் எழுத்திலேயே, போடுங்கள் என்று கேட்கிறேன். சல்வீனியா மொலெஸ்டா. முதற்பாதி, சல்வீனி என்ற இத்தாலியப் பேராசிரியரின் நினைவாக வைத்தது. மொலெஸ்டா என்றால் இலத்தீனில் தொல்லை தருவது. குளத்துக் கமக்காரரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

1939இல் கொழும்புக்குத் தாவரவியல் படிப்புக்காகக் கொண்டுவந்த செடி இது. அங்கிருந்துதான் நாடு முழுக்கப் பரவியது. உலகம் முழுக்க வெகுகாலம் இதைச் சல்வீனியா அவுரிகுலாட்டா என்றே எழுதி வந்தார்கள். அது இதன் உறவுச் செடி. அதைத் தின்னும் பூச்சிகளைத் தென்னமெரிக்காவில் பிடித்து வந்து, இதை அழிக்கவென்று விட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. இது வேறு இனம் என்று 1972இல் தனிப்பெயர் வைத்த பிறகுதான் இதன் சொந்த ஊரைத் தேடினார்கள். 1978இல் பிரேசிலின் தென்கிழக்கில் கண்டுபிடித்தார்கள். அங்கே இதையே தின்று வாழும் ஒரு கறுப்பு வண்டு இருந்தது. நீளம் 2 மில்லிமீற்றர் அளவுதான். 1980இல் அவுஸ்திரேலியாவில் மூண்டரா ஏரியில் விட்டார்கள், அடுத்த ஆண்டே ஏரி தெளிந்துவிட்டது. 1986இல் அந்த வண்டு இலங்கைக்கும் வந்தது. பெயரைத் திருத்தியிராவிட்டால் அந்த வண்டை யார் தேடிப் போயிருப்பார்கள்?

அந்த வண்டு ஆற்றுவாழையைத் தொடாது. ஆற்றுவாழையின் விதை சேற்றுக்குள் பல ஆண்டு கிடந்து, குளம் வற்றி ஈரம் படும்போது முளைக்கும். ஆகவே அதைப் பூக்க முன்னமே அகற்ற வேண்டும். சல்வீனியா பூக்காத செடி, ஒரு பன்னம் (பெரணி வகை). உடைந்த துண்டே அதன் விதை. வாரும்போது சிந்தும் துண்டு, குளம் நிரம்பி வான் பாயும் நேரம் கீழ்க்குளத்துக்குப் போய்விடும். ஒரு சிரமதானத்தில் இரண்டையும் ஒன்றென எண்ணிச் சல்வீனியாவை வாரி, கட்டின் உட்சரிவிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். மாரி மழைக்குக் குவியல் சரிந்து, உள்ளே பச்சையாகக் கிடந்த துண்டுகள் எல்லாம் திரும்பத் தண்ணீருக்குப் போயின. சிறுபோகத்துக்குத் துருசை, அதாவது மதகைத் திறந்தால் வாய்க்கால் முழுக்க அதுதான். அந்தச் சனத்தின் உழைப்பை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

விஞ்ஞானப் பெயரும் மாறுகிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். நாங்கள் ஐக்கோர்னியா கிராசிப்பஸ் என்று படித்த ஆற்றுவாழை இப்போது பொன்ரெடேரியா கிராசிப்பஸ். ஆனாலும் கிராசிப்பஸ், அதாவது தடித்த கால், அப்படியே நிற்கிறது. அதன் ஊதிய காம்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே முழுக்கக் காற்றறைகள். பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. பழைய பெயரைச் சொன்னாலும் புதியதைச் சொன்னாலும் அறிந்தவர் அந்த ஒரு செடியைத்தான் நினைப்பார்.

நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். தூரத்தில் நின்று பச்சை விரிப்பை மட்டும் படமெடுக்காமல், ஒரு செடியைக் கையில் தூக்கிக் கிட்டத்தில் எடுங்கள். சல்வீனியாவின் இலை மேலே முட்டை அடிக்கும் கம்பி போல நுனி சேர்ந்த மயிர்கள் நிற்கும். கீழே வேர் மாதிரித் தொங்குவதும் இலைதான். பெயர் தெரியாவிட்டால் படத்தைக் கமநல சேவை நிலையத்திலோ உயிரியல் ஆசிரியரிடமோ காட்டிக் கேட்டு எழுதுங்கள்.

அந்தச் செய்திக்கு ஒரு திருத்தமும் போட்டுவிடுங்கள். காலபோக மழை தொடங்க முன் அந்தக் குளத்தில் இறங்க இருப்பவர்கள், செடி பழுப்பாகிக் கருகும் இடங்களில் குருத்தைப் பிரித்து வண்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். இருந்தால் அந்தப் பகுதியை வாராமல் விட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
ஒட்டுசுட்டான்.