பக்கத்தில் உட்கார்ந்த அக்காவுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

நடந்தது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத இப்போது தெம்பில்லை. எல்லாம் முடிந்து இன்று மூன்றாவது நாள். தொலைபேசி அடித்தால் இன்னும் நெஞ்சு திக்கென்கிறது. ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் உட்கார்ந்துவிட்டேன்.

போதகர் ஐயாவுக்கும், உபவாசம் இருந்தவர்களுக்கும், இரவில் மாறி மாறித் துணைக்கு வந்த வாலிபர்களுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், கேட்காமலே பணம் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். நம் ஜெபக்குழுவின் மூத்த அக்கா. யார் என்று உங்களுக்குத் தெரியும், பெயர் போட்டால் திட்டுவார்.

அந்தக் கடைசி இரவில் அவரிடம், "அக்கா, நீங்கள் ஜெபியுங்கள், உங்கள் ஜெபத்தைத்தான் ஆண்டவர் கேட்பார்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் கூட உட்காருகிறேன். பேச வேண்டியது நீ" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த நேரத்திலா பாடம் நடத்துவது? ஆனால் அக்கா எதையும் நடத்தவில்லை. வசனம் சொல்லவில்லை, ஆமென் போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து என் வாயிலிருந்து வந்தது, "ஆண்டவரே, பயமாயிருக்கிறது" என்ற ஒரே வரி. அப்புறம் மளமளவென்று கொட்டியது. அண்ணனுக்கு நான் செய்தது, அதை மறைத்தது, நான்கு வருடம் பேசாமல் இருந்தது எல்லாம். இதை எனக்காக வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. யாருக்கும் தெரியாதே!

சீனாய் மலையடியில் ஜனங்கள் மோசேயிடம், நீர் எங்களோடு பேசும், தேவன் பேசவேண்டாம், பேசினால் செத்துப்போவோம் என்றார்கள். அவர்களுக்காவது பயம். எனக்கு வசதி. ஜெப விண்ணப்பத்தை நாலு பேருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஆள் நான். பழைய ஏற்பாட்டில் பிரதான ஆசாரியர் வருடத்தில் ஒரே நாள், யூதர்களின் ஏழாம் மாதம் பத்தாம் தேதியில், தன் பாவத்துக்கும் சேர்த்து இரத்தத்தோடு திரைக்கு உள்ளே, மகா பரிசுத்த ஸ்தலத்துக்குப் போவார். இயேசு சிலுவையில் மரித்தபோது அந்தத் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை கிழிந்ததை எத்தனை பெரிய வெள்ளிகளில் கேட்டிருப்பேன்! கேட்டுவிட்டு, கிழிந்த திரைக்கு வெளியிலேயே நின்றபடி, உள்ளே போகிறவர்களிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தேன்.

தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஜெபம் இல்லாமல் நான் நின்றிருக்க மாட்டேன். கலாத்தியர் 6-ஆம் அதிகாரம் 2-ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. 5-ஆம் வசனம் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. இது முரண்பாடு என்று வேதபாட வகுப்பில் நான் வாதாடியது சிலருக்கு ஞாபகம் இருக்கும். கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள்: முதலாவது அழுத்தும் சுமை, இரண்டாவது அவரவர் தூக்கவேண்டிய மூட்டை. போதகர் அன்றே விளக்கினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. என் பயத்தில் பாதியை அவர் வாங்கிக்கொண்டார். அண்ணன் விஷயத்தைத் தொடவில்லை.

விடிந்ததும் அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னதைத் தள்ளிப்போட இனி சாக்கு இல்லை. அண்ணன் எடுத்தார். நான் சொன்னதற்குப் பதில் பேசவில்லை. ஆனால் கடைசிவரை வைக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன். அதற்காக ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன்.

அக்கா, உங்களுக்கும் ஒரு கெட்ட இரவு வந்தால், நேரம் பார்க்காமல் கூப்பிடுங்கள். வந்து உட்காருகிறேன். வாயைத் திறக்க மாட்டேன்.