மயங்கும் சுண்டெலி வேறு, குடிக்கும் சுண்டெலி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்த சுண்டெலி ஆய்வை எடுத்துச் சொன்னது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதற்கு இடப்பட்ட 'குடிகார எலிகள் பிறந்த கதை' என்ற தலைப்பைப் படித்ததும், பல ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆய்வில் எந்தச் சுண்டெலியும் தானாக ஒரு சொட்டு மதுவைக்கூடக் குடிக்கவில்லை. உடல் எடைக்கு ஏற்ப அளந்த ஆல்கஹாலை ஊசி மூலம் வயிற்றறைக்குள் செலுத்தினார்கள்.

1960-களில் ஜெரால்ட் மெக்ளியர்னும் அவருடைய குழுவினரும் தொடங்கிய ஆய்வு அது. எட்டுத் தூய இனங்களைக் கலந்து பெருக்கிய சுண்டெலிக் கூட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி போட்டு, அது தள்ளாடிச் சாய்ந்ததும் ஆங்கில 'வி' எழுத்து வடிவிலான தொட்டியில் மல்லாக்கக் கிடத்துவார்கள். கால்கள் மேலே பார்த்தபடி கிடக்கும் அந்தச் சுண்டெலி தானே புரண்டு நான்கு காலிலும் நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் கணக்கு. இதற்குத் 'தூக்க நேரம்' என்று பெயரிட்டிருந்தாலும் உண்மையில் அது மயக்கம். நெடுநேரம் மயங்கிக் கிடந்தவற்றை ஒன்றோடொன்றும், சீக்கிரம் எழுந்தவற்றை ஒன்றோடொன்றும் இணைசேர்த்து 18 தலைமுறை வளர்த்த பிறகு, ஒரே அளவு மதுவுக்கு 'நெடுந்தூக்கம்' என்ற கிளை ஏறக்குறைய 2 மணி நேரம் கிடந்தது. 'குறுந்தூக்கம்' என்ற மற்றக் கிளை 10 நிமிடத்தில் எழுந்து ஓடியது. நம் ஊரில் நல்ல பசுவின் கன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளும் அதே பழைய உத்திதான். இங்கே தேர்ந்தெடுத்த குணம் மட்டும்தான் புதிது.

குறுந்தூக்கச் சுண்டெலியின் கல்லீரல் மதுவை வேகமாகக் கரைத்துவிடுகிறது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது இரண்டாவது பிழை. மது உடலைவிட்டு நீங்கும் வேகத்தை வைத்து இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்க முடியாது. எழுந்து நிற்கும் நொடியில் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால், குறுந்தூக்கச் சுண்டெலியின் இரத்தத்தில்தான் மது அதிகமாக இருக்கிறது. அவ்வளவு மது இருக்கும்போதே அதன் மூளை விழித்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள். சிறுமூளையில் உள்ள பர்க்கின்ஜி நரம்பணுக்கள் நெடுந்தூக்கக் கிளையில் மிகக் குறைந்த மதுவுக்கே அடங்கிப்போவதைப் பின்னாளில் கண்டார்கள். சிறுமூளைத் திசுவின் ஒரு துணுக்கை எடுத்து மற்றக் கிளைச் சுண்டெலியின் கண்ணுக்குள் ஒட்டி வளர்த்தபோதும், அது பிறந்த கிளையின் குணத்தையே காட்டியது. என் வகுப்பில் நான் ஒருபோதும் சலிக்காமல் சொன்ன சோதனை அது.

இந்த உணர்திறன் வேறு, மதுவை நாடும் விருப்பம் வேறு. தண்ணீரும் மது கலந்த நீரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது சி57 என்ற கறுப்பு இனம் மதுவையே நாடுவதையும் வேறு சில இனங்கள் அதைத் தொடாததையும் மெக்ளியர்ன் 1959-இலேயே சக ஆய்வாளர் ஒருவருடன் வெளியிட்டிருந்தார். குடியை நிறுத்தியதும் வரும் வலிப்பு எவ்வளவு கடுமையானது என்பதை வைத்துத் தேர்ந்தெடுத்து, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் போர்ட்லாந்தில் ஜான் கிராப் என்ற ஆய்வாளர் வேறு கிளைகளை வளர்த்தார். இவை எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் 'குடி மரபணு' என்று ஒன்று இல்லை. தூக்க நேரம் ஒன்றுக்கே வெவ்வேறு குரோமோசோம்களில் பல பகுதிகள் பங்களிக்கின்றன.

'சட்டென்று மயங்காதவர்கள் பாதுகாப்பானவர்கள்' என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் வந்திருக்கும் வரிதான் எனக்குப் பெரிய கவலை. சுண்டெலியிலிருந்து மனிதருக்கு நேராகத் தாவக் கூடாது என்பது ஒருபுறமிருக்க, மனிதரிடமே நடந்த ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் மார்க் ஷக்கிட் என்ற ஆய்வாளர் இளைஞர்களுக்கு அளந்து மது கொடுத்து, அவர்கள் எவ்வளவு தள்ளாடுகிறார்கள், எவ்வளவு போதையை உணர்கிறார்கள் என்று குறித்துவைத்து, ஏறக்குறைய பத்து ஆண்டு கழித்து அவர்களையே மறுபடி தேடிச் சென்றார். குடிநோயாளித் தந்தைக்குப் பிறந்தவர்களில், அன்று மிகக் குறைவாகப் பாதிக்கப்பட்டவர்களில் 56 விழுக்காட்டினர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தனர். மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டவர்களில் அது 14 விழுக்காடு மட்டுமே என்று 1994-இல் வெளியான அவருடைய கட்டுரை கூறுகிறது. போதும் என்று உடல் சொல்லும் குரல் தாமதமாகக் கேட்பவர், அதற்குள் இன்னும் நான்கு கோப்பை குடித்துவிடுகிறார். 'எவ்வளவு குடித்தாலும் அசைய மாட்டார்' என்று கல்யாண வீட்டுப் பந்தலில் பெருமையாகப் பேசப்படும் நபரைத்தான் இந்த ஆய்வு கவலையோடு பார்க்கச் சொல்கிறது.

எனவே, கட்டுரையின் கடைசிப் பத்திக்கு உரிய திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே, 'எலி' என்பதைச் 'சுண்டெலி' என்று மாற்றினால் நல்லது. இரண்டும் வேறு வேறு விலங்குகள். இரண்டிலும் மது ஆய்வுகள் தனித்தனியே நடந்திருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்.