நீர்த்தேக்கத் திட்டங்களில் தொல்லியல் கள ஆய்வை முன்கூட்டியே முடிக்கக் கோரும் மனு

பெறுநர்:
நீர்வளத் துறைச் செயலர் அவர்கள்

பொருள்: பெரிய நீர்த்தேக்கங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே தொல்லியல் கள ஆய்வை முடிக்க உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

நீர்த்தேக்கங்கள் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூழ்கப்போகும் பள்ளத்தாக்கைத் தொல்லியலாளர்கள் நடந்து பார்க்கும் வேலை, கட்டுமானம் தொடங்கிய பிறகு அவசர அவசரமாக நடந்தால் பயனில்லை. மனிதர்கள் ஆதியிலிருந்தே ஆற்றங்கரைகளில் குடியேறியவர்கள். நாம் நீர் தேக்கும் இடமும் அதுவேதான்.

நாகார்ஜுனசாகர் அணைக்காக நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கில் 1954 முதல் 1960 வரை அகழாய்வு நடந்தது. இக்குவாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரியோடு, கற்காலம் தொட்டு இடைக்காலம் வரையிலான தடயங்களும் அங்கே வெளிப்பட்டன. முக்கியமான சில கட்டுமானங்களைப் பெயர்த்தெடுத்து, இன்று தீவாகிவிட்ட மலையுச்சியிலும் அருகே அனுப்பு என்ற இடத்திலும் மீண்டும் அமைத்தார்கள். சிரியாவில் அணை நீரில் மூழ்கவிருந்த பழங்காலக் குடியிருப்பு மேடான அபு ஹுரைராவுக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை. 1972, 1973 என இரண்டே அகழாய்வுப் பருவங்கள்தான். அதற்குள் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதந்து வந்த கரிந்த விதைகளைச் சேகரித்தார்கள். வேட்டையாடி, உணவு சேகரித்து வாழ்ந்தவர்கள் உழவுக்கு மாறிய கதைக்கு அந்த விதைகள் முக்கியமான சான்று. தோண்டியது மேட்டின் ஒரு சிறு பகுதியைத்தான். மீதி அந்த அணையின் நீர்த்தேக்கமான அசாத் ஏரிக்கு அடியில் கிடக்கிறது.

சரி, ஆய்வை எப்போது செய்வது? விரிவான திட்ட அறிக்கை தயாராகும்போதே செய்ய வேண்டும். கால்வாயின் பாதையையோ கல்குவாரியின் இடத்தையோ அப்போது வரைபடத்திலேயே மாற்றிவிடலாம். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஒவ்வொரு நாள் தாமதமும் செலவு. "சீக்கிரம் முடியுங்கள்" என்ற நெருக்கடி தொல்லியலாளர்கள் மீதுதான் விழும். அறுவடை முடிந்து நிலம் வெறுமையாக இருக்கும் பருவத்தையும் ஒதுக்க வேண்டும். பயிர் மண்டிய வயலைப் பார்த்துவிட்டு "எதுவும் இல்லை" என்று எழுதும் அறிக்கையை நம்ப முடியாது. பானை ஓடுகள் அதில் கண்ணில் படாது.

மூழ்கும் பரப்போடு ஆய்வு நின்றுவிடக் கூடாது. கரைக்கு மண் எடுக்கும் இடங்கள், குவாரிகள், சாலைகள், தொழிலாளர் குடியிருப்புகள், மறுகுடியமர்வு நிலங்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நீர்மட்டம் ஏறி இறங்கும் விளிம்புதான் மிக மோசமாகச் சிதைகிறது. அலை மண்ணை அரித்துப்போக, மண்ணடுக்கு குலைந்து வெறும் பானை ஓடுகளே மிஞ்சும். ஆகவே அணை நிறைந்த பிறகும், நீர் வற்றும்போதெல்லாம் அந்த விளிம்பை மறுபடி பார்வையிட ஏற்பாடு வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெளியேற்றப்படும் மக்களிடம் முதலில் கேளுங்கள். நடுகல் எங்கே நிற்கிறது, எந்த மேட்டை உழுதால் பானை ஓடு வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஊர் கலைந்த பிறகு அந்த விவரங்களை யாரிடம் போய்க் கேட்பது?

இதற்கான செலவைத் திட்ட மதிப்பீட்டில் தனித் தலைப்பாகச் சேர்த்து, ஆய்வறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். இதுகுறித்துச் சுற்றறிக்கை பிறப்பித்து, அதன் நகலை எனக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்