அக்காவுக்கு: இந்த ஞாயிறு நாங்கள் வரவில்லை

அக்கா,

குழுவில் நீங்கள் போட்ட பட்டியலைப் பார்த்தேன். ரோல்ஸ் யார், சோறு யார், பிள்ளைகளுக்கு ஜூஸ் யார் என்று வழக்கம்போல எல்லாம் பிரித்திருக்கிறீர்கள். என் பெயருக்கு நேரே கத்தரிக்காய்ப் பால்கறி. அதைச் சமைத்துச் சனிக்கிழமை இரவே கொண்டுவந்து தருவேன். ஞாயிற்றுக்கிழமை இலை பார்க்க டோர்செற்றுக்குப் போகிற வான் வண்டியில் மட்டும் நாங்கள் ஏற மாட்டோம். தாங்க்ஸ்கிவிங் சாப்பாட்டுக்கும் வர மாட்டோம்.

இவரும் நானும் கதைத்து முடிவெடுத்துக் கனநாளாயிற்று. உங்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. போனில் சொன்னால் "சரி" என்பீர்கள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டீர்கள். நீங்கள் பேசாமல் இருக்கிற அந்த நேரத்தில் நானே "இல்லை அக்கா, வாறம்" என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடத்தான் வேண்டுமா என்று இவர் கேட்டார். தனியாக அனுப்பினாலும் பின்னேரத்துக்குள் நாலு பேருக்குப் போய்விடும், அதுவும் பாதிக் கதையாக. போவதுதான் போகிறது, முழுசாகப் போகட்டும். (மாமிமாருக்கு வணக்கம். நீங்களும் வாசிப்பீர்கள் என்று தெரியும்.)

நாங்கள் எங்கேயோ கொட்டேஜ் எடுத்துப் போகிறோம் என்று நினைக்க வேண்டாம். மோர்னிங்சைட் பார்க்கில் ஹைலண்ட் கிரீக் ஓடுகிறதே, அங்கேதான் போகிறோம். வீட்டிலிருந்து பத்து நிமிடம். சாமன் மீன் ஏறுகிற காலம் முடியப்போகிறது, பிந்தி வந்த ஒன்றிரண்டாவது இருக்கும். சின்னவன் அதைப் பார்க்க வேண்டும் என்கிறான். "என்கிறான்" என்று எழுதுகிறேன், அவன் எப்படிச் சொன்னான் என்பது உங்களுக்கு விளங்கும்.

அவனுக்கு அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே நீங்கள்தான்.

போர்ட் ஹோப் ஞாபகம் இருக்கிறதா? போன வருடம் செப்டெம்பர் கடைசி ஞாயிறு, அப்பிள் தோட்டம் முடித்துவிட்டு 401 நெடுஞ்சாலையில் திரும்பும் வழியில் அத்தான்தான் வானைத் திருப்பினார். கனராஸ்கா ஆற்றில் அந்த அணைக்கட்டு. கரை முழுக்கச் சனம். அப்போதுதான் மழை விட்டிருந்தது. ஆறு தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. ஒவ்வொரு மீனும் ஒரு கை நீளம். ஆற்றுக்குள் ஏறத் தொடங்கியபின் அவை ஒன்றும் சாப்பிடுவதில்லையாம், முட்டை போட்டு முடிந்ததும் செத்துவிடுமாம். செட்டையெல்லாம் கிழிந்து வெளுத்துப்போய், உடம்பு கறுத்து, அப்படியும் அணைக்கு மேலே ஏறப் பாய்ந்துகொண்டிருந்தன. பாய்ந்து, சுவரில் அடிபட்டு விழுந்து, மறுபடியும் பாய்ந்தன. மாமி ஒருவர் "இதைப் பிடிக்கேலாதோ?" என்று கேட்டார். தடை என்றதும் அவருக்கு ஆற்றில் இருந்த ஆர்வமே போய்விட்டது. அத்தான் போனில் தேடி வாசித்தார்: ஒன்ராறியோ ஏரியில் ஆதியில் இருந்த அட்லாண்டிக் சாமன் 1800களின் முடிவுக்குள்ளேயே அழிந்துவிட்டது, ஆற்றுக்கு ஆறு மில் அணை கட்டியதும் காடு வெட்டியதும் அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததும் காரணம். இப்போது பாய்கிற சினூக் சாமன், 1960களின் கடைசியில் பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்ட இனம். "அப்ப இவையும் எங்கட ஆக்கள்தான், ஸ்பொன்சரில வந்தவை" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. உங்களுக்கு அது கேட்கவே இல்லை.

நீங்கள் ஈரப் புல்லில் சின்னவனுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். புதுக் கோட். அதை வாங்கிய கதையை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவர், அப்படியே சேற்றில் இருந்துவிட்டீர்கள். அவன் விழுந்துவிடாமல் ஹூடியின் நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்திருந்தீர்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. "பார், மீன் பார்" என்று சொல்லவில்லை. அவன் பார்த்த பக்கம் நீங்களும் பார்த்தீர்கள், அவ்வளவுதான். ஒரு மீன் மேலே ஏறிப் போனதும் அவன் தன் கையை உங்கள் முழங்காலில் வைத்தான். எங்கள் இரண்டு பேரையும் தவிர வேறு யாரையும் அவன் தானாகத் தொட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. வெளிக்கிடுவோம் என்று எல்லோரும் கூப்பிட்டபோது, நீங்கள் திரும்பிப் பார்க்காமலே மற்றக் கையைத் தூக்கிக் காட்டினீர்கள், பொறுங்கோ என்று. மூன்று வான் சனமும் உங்களுக்காகப் பொறுத்தது. நான் கூப்பிட்டிருந்தால் ஒருவரும் பொறுத்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் அவன் காதிலிருந்ததைக் கழற்றியதும் அதே கைதான் அக்கா.

நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் மற்றவர்களுக்குச் சொல்லலாம், எனக்கே சொல்லிக்கொள்ள முடியாது. வைத்தியர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவனுடைய விஷயம், ஒரு காலத்தில் அவனே இதை வாசிப்பான். உங்களுக்குத் தெரிந்ததே போதும். அந்த ஹெட்போன் விளையாட்டுச் சாமான் இல்லை. சத்தத்தைக் குறைத்தால் அவன் எங்களோடு இருப்பான். குறைக்காவிட்டால் இருக்க மாட்டான்.

தோட்டத்தில் டிராக்டர் பெட்டியில் எல்லோரையும் ஏற்றிப் படம் எடுக்க நின்றோம். "எல்லாரும் இருக்கிற படத்தில இதென்ன கோலம்" என்று கழற்றி உங்கள் கைப்பைக்குள் போட்டீர்கள். நான் இறங்கி மற்றப் பக்கமாக வருவதற்குள் டிராக்டர் உறுமத் தொடங்கிவிட்டது. பிறகு நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதைவிட எனக்கு வலித்தது நீங்கள் சொன்னதுதான். என்னிடம்கூட இல்லை, பெட்டியிலிருந்த எல்லோரையும் பார்த்து: "எந்த நேரமும் காதை மூடி வைச்சா அவன் எப்பிடிக் கதைக்கப் பழகுவான்?" யாரோ "அதுதானே" என்றார். யார் என்று எனக்குத் தெரியும், விடுகிறேன்.

அடுத்த நாள் அந்தப் படம் குழுவில் வந்தது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அவனுக்கு வாய் திறந்திருக்கிறது. சிரிக்கிறான் என்று நினைத்து ஆறேழு பேர் இதயம் போட்டிருந்தார்கள். நீங்களும் போட்டிருந்தீர்கள்.

இரவு போன் எடுத்து அவன் சாப்பிட்டானா என்று கேட்டீர்கள். அது உங்கள் மன்னிப்பு என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் வேறு மாதிரி மன்னிப்புக் கேட்டதில்லை. சாப்பிட்டான் என்றேன். அவன் சாப்பிடவில்லை.

இந்தப் பயணங்கள் உங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று எனக்கு விளங்காமல் இல்லை. ஊரில் ஒரே ஒழுங்கைக்குள் அத்தனை சொந்தமும் இருந்தது, யாரையும் பார்க்கப் போக நாள் குறிக்கத் தேவையில்லை. இங்கே ஒருவர் பிரம்ப்டன், ஒருவர் ஏஜக்ஸ், ஒருவர் மொன்றியல். பனி கொட்டத் தொடங்கினால் ஏப்ரல் வரைக்கும் கலியாணத்திலும் செத்தவீட்டிலும்தான் முகம் பார்க்கலாம். ஊரில் ஐப்பசி என்றால் மழை, வீட்டுக்குள் கிடக்கிற காலம். அந்த மாதத்தை இங்கே வெளியே போகிற மாதமாக மாற்றியது நீங்கள். சின்ன வயதில் நான் பயந்த அந்த மொட்டை மரங்களை இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், மேப்பிள், ஓக், பேர்ச் என்று. அப்பிளில் நீங்கள் போடுகிற அச்சாறு இல்லாமல் எனக்கு ஒக்டோபர் இல்லை. உங்கள் மகள் சின்னவனுக்கு இலையைப் பிரித்துக் காட்டுவாளே: மஞ்சள் முந்தியே இலைக்குள் இருந்தது, பச்சை போனதும் வெளியே தெரிகிறது, சிவப்பை மட்டும் மரம் இப்போதுதான் செய்கிறது, பகல் நல்ல வெயிலும் இரவு உறையாத குளிரும் இருந்தால் கூடச் செய்யும் என்று. அவன் இன்னும் அந்த இரண்டு நிறத்தையும் தனித்தனி டப்பாவில் வைத்திருக்கிறான். கலக்க விட மாட்டான். அவளிடம் சொல்லுங்கள்.

ஆனால் டோர்செற் வேறு கதை. நெரிசல் இல்லாத நாளிலேயே இரண்டரை மணி நேரத்துக்கு மேல். நீண்ட வார இறுதியில் எவ்வளவு என்று அத்தானுக்குத்தான் தெரியும். மேலே 30 மீற்றர் கோபுரம், வரிசை, இறங்கிவந்தால் சாப்பாடு, கத்திக் கத்திக் கூப்பிடுகிற சனம். அந்த உயரத்துக் காட்டில் தாங்க்ஸ்கிவிங் வருவதற்குள் சிவப்பு விழத் தொடங்கிவிடும், அதையும் சொல்லிவைக்கிறேன். போன வாரமே போயிருக்க வேண்டும் என்று நான் முதலே சொன்னேன். யாரும் கேட்கவில்லை, லீவு இல்லை என்றீர்கள்.

சரி. இலை ஒரு சாட்டு. எனக்குத் தெரியும்.

மன்னியுங்கள் என்று எழுதி இரண்டு தரம் அழித்துவிட்டேன். எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. என்னை இங்கே கூப்பிட்டது, படிப்பித்தது, இரவு வேலை செய்துவிட்டு வந்து காலையில் எனக்குச் சாப்பாடு கட்டித் தந்தது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் இல்லாத சாப்பாட்டு மேசையில் அதையெல்லாம் யாராவது எடுத்துச் சொல்லத்தான் போகிறார்கள். சொல்லட்டும். நான் அந்தக் கடனை மறக்கவில்லை அக்கா, அதைத் தீர்க்கிற எண்ணமும் இல்லை, அக்காவிடம் பட்டதைத் தீர்க்க முடியுமா? நான் எவ்வளவும் கட்டுகிறேன். அவனைக் கட்டச் சொல்லாதீர்கள்.

இதை வாசித்துவிட்டு வான்கோழிக்கு மிளகாய்த்தூள் பூசிக்கொண்டே அழுவீர்கள். அழுதாலும் பூசுவது நிற்காது. அதையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இனிப் பெரியவள் விஷயம். அவள் உங்களோடு வருகிறாள். மச்சான் மச்சாள்மாரோடு கோபுரம் ஏறப்போவதாக ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். தம்பிக்காக அவளையும் மறித்துவைக்க எனக்கு மனம் இல்லை. ஞாயிறு காலை இவர் கொண்டுவந்து விடுவார். எட்டு வயது இன்னும் ஆகவில்லை, பூஸ்டர் சீற் கட்டாயம். எங்கள் காரிலிருப்பதைக் கழற்றித் தருவார். கிட்டத்தான் போகிறோம் என்று யாராவது சொன்னாலும் அது இல்லாமல் ஏற்ற வேண்டாம். வளைவான ரோட்டில் அவளுக்கு வயிற்றைப் பிரட்டும், முன்னுக்குப் பார்த்தபடி இருக்கச் சொல்லுங்கள், போன் கொடுக்க வேண்டாம்.

தம்பி ஏன் வரவில்லை என்று யாராவது அவளிடம் கேட்பார்கள். போன முறை கேட்டார்கள், வீட்டுக்கு வந்து அழுதாள், உங்களுக்கு அது தெரியாது. இந்த முறை அவள் வாயைத் திறக்க முதல் நீங்கள் பதில் சொல்லிவிடுங்கள். என்ன சொல்வது என்று நான் எழுதித் தர மாட்டேன். அந்த ஆற்றங்கரையில் பக்கத்தில் இருந்தது நீங்கள், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

தங்கச்சி