ஜனவரியில் வெயில்

ரோஸ் ஹில், மொரீசியஸ்
டிசம்பர் 4

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளை குரலே சரியில்லையே, என்ன சொன்னாள்?" என்றாள். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பல்கலைக்கழகமொன்றில் நீ நடத்தும் முதலாண்டு இயற்பியல் வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லையாம் என்றேன். "ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டீர்களா?" என்றாள். கேட்கவில்லை. அடுத்த முறை கேட்கிறேன்.

"ஒரு வரி விடாமல் நடத்தினேன் அப்பா. இதுகளுக்குப் படிக்கவே மனசில்லை" என்று நீ சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே சொல்லை உன் அம்மாவிடம் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் போனில் சட்டென்று பதில் வரவில்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் சென்னையில் பி.எஸ்ஸி. முடித்து இங்கே திரும்பி வந்து ஆசிரியர் வேலையில் சேர்ந்த புதிது. பருவங்கள் ஏன் மாறுகின்றன என்ற பாடம். சூரியன் பக்கத்தில் வருவதால் கோடை, தள்ளிப் போவதால் குளிர் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள், அதை உடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உடைப்பதற்கு ஒரு வாக்கியமும் கையில் இருந்தது. "பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில். ஆனால் ஜனவரியில் குளிர். ஆகவே தூரம் காரணமில்லை." சென்னையில் என் நோட்டில் நானே எழுதிக்கொண்டது. அதைக் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையிலும் எழுதி மார்க் வாங்குவார்கள்.

எட்டு வருடம் இப்படியே போனது. ஒன்பதாவது வருடம் ஒரு ஜனவரி மாதம், பள்ளி திறந்த முதல் வாரம், காவடிக்கு வீடுகளில் விரதம் ஆரம்பித்திருந்தது. மணி அடித்து எல்லோரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் நின்றாள். சட்டையெல்லாம் வியர்வை. "சார், ஜனவரியில் நமக்கு வெயில்தானே?" என்றாள். எதிர்த்துப் பேசுகிறோமோ என்ற பயம் அவள் கண்ணில் இருந்தது.

எனக்குப் பேச்சு வரவில்லை கண்ணு. தைப்பூசத்துக்குக் கால் கொப்பளிக்கத் தார் ரோட்டில் நடந்து கோர் தெ கார்ட் மலைக்கோயிலுக்குக் காவடி எடுத்தவன் நான். கோடையில் பூக்கும் ஃப்ளாம்பாயன் மரம் டிசம்பரில் பூப்பதைப் பார்த்தே வளர்ந்தவன். அப்படிப்பட்ட நான், வியர்த்து வழியும் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால் நின்று ஜனவரியில் குளிர் என்று எழுதிப்போட்டேன். முப்பத்தெட்டுப் பேரும் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது என் பிழை மட்டும் என்று நினைக்காதே. பிழை எல்லோருக்கும் வரும். எட்டு வருடமாக ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லையே என்பதுதான். அவர்கள் மண்டையில் இரண்டு ஜனவரி இருந்திருக்கிறது. ஒன்று தெருவில் இருக்கும் ஜனவரி. இன்னொன்று பரீட்சைத் தாளில் இருக்கும் ஜனவரி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. பாடத்தை அப்படிப் படிக்கப் பழக்கிவிட்டது நாங்கள்தான். உன் வகுப்பில் வந்து உட்காருகிறவர்கள் என்னைப் போன்றவர்களிடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள்தானே!

பூமியின் தென்பாதியில் இருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு, யோசித்துப் பார். வடக்கே இருப்பவனுக்கு அவன் ஊர்க் குளிரே அந்தத் தவறான எண்ணத்துக்கு மறுப்பு. நமக்கோ சூரியன் பக்கத்தில் இருக்கும்போதுதான் கோடை! ஜனவரியில் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. நம் தோலே அந்தத் தவறுக்குச் சாட்சி சொல்கிறது. அதனால் அடுத்த வருடம் வேறு விதமாக ஆரம்பித்தேன். எதையும் எழுதிப்போடாமல், "பாரிஸில் இருக்கும் உங்கள் சித்தப்பா இன்றைக்கு என்ன உடுத்தியிருப்பார்?" என்று கேட்டேன். எல்லோர் வீட்டிலும் பிரான்சிலோ லண்டனிலோ ஒருவர் இருப்பார் அல்லவா? "கோட்டு, சார்!" என்றார்கள். சூரியன் பூமிக்கே பக்கத்தில் வந்திருந்தால் அவருக்கு மட்டும் ஏன் குளிர்கிறது என்றேன். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. பிறகு ஒரே சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

நீ இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு அச்செடுத்து அனுப்பிய கட்டுரைகளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற பேராசிரியருக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். நன்றாக நடத்துகிறார் என்று மாணவர்களே பாராட்டும் மனிதர். கணக்கே போட வேண்டாத, விசையைப் பற்றிய எளிய கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை வகுப்பில் கொடுக்கிறார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டாளாம். இதைப் படித்ததும் எனக்கு என் ஜனவரிப் பெண் நினைவுதான் வந்தது. அதன் பிறகு 1991 முதல் அவர் வகுப்பு நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ அதைப் படித்தாயே தவிர உன் வகுப்புக்குள் கொண்டுபோகவில்லை என்று உன் பேச்சிலிருந்து புரிந்தது. 180 பேர், படிப்படியாக இருக்கை போட்ட பெரிய அரங்கு, பாடத்திட்டம் முடிய வேண்டும், இவ்வளவையும் வைத்துக்கொண்டு எப்படி என்றாய்.

பெரிய வகுப்புக்காகத்தான் கண்ணு, அந்த முறையே வந்தது. பத்து நிமிடம் நடத்து. ஒரு கேள்வி போடு. யாரும் யாரோடும் பேசாமல் ஒவ்வொருவரும் ஒரு விடையை முடிவு செய்யட்டும். அதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம், நாலு நிறத்தில் அட்டை போதும், எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். முக்கால்வாசிக்கு மேல் சரியாக இருந்தால் மேலே போ. மிகச் சிலருக்கே தெரிந்திருந்தால் நீயே இன்னொரு முறை விளக்கு. நடுவில் இருந்தால் வாயைத் திறக்காதே. பக்கத்தில் இருப்பவரிடம் உன் காரணத்தைச் சொல்லி ஒப்புக்கொள்ள வை என்று சொல்லிவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் அவர்களுக்கு நடுவே நடந்து போ. அவர்கள் பேசுவதைக் கேள். இந்த நடைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேடையில் நின்றபடி உனக்கு ஒருபோதும் கிடைக்காத விஷயம் அங்கே கிடைக்கும்.

ஒரு உதாரணம். மேலே வீசிய பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன்மேல் என்ன விசை? விடைத்தாளில் எல்லோரும் புவியீர்ப்பு என்று எழுதிவிடுவார்கள். பக்கத்துப் பையனிடம் இங்கே எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் பேசும்போதுதான் உண்மை வெளியே வரும், "கை கொடுத்த லாஃபோர்ஸ் தீர்ந்துபோச்சு" என்பான். கிரியோலில் லாஃபோர்ஸ் என்றால் ஒரு ஆளின் பலமும் அதுதான், பாடப்புத்தகத்து விசையும் அதுதான். பலத்தைப் பந்து வாங்கி வைத்துக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும் என்று அவன் நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை அவன் வாயாலேயே சொல்லக் கேட்காமல் நீ அதை மாற்ற முடியாது. நாங்கள் இங்கே ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பிரெஞ்சிலும் கிரியோலிலும் விளக்கியே காலத்தை ஓட்டினோம். உன் வகுப்பில் பலர் வீட்டில் ஸூலு பேசுகிறார்கள் என்றாய். அந்த மூன்று நிமிடம் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசுங்கள் என்று சொல்லிவிடு. உனக்குப் புரியவில்லையே என்று தயங்காதே. என்ன பேசினீர்கள் என்று கேட்டால், சந்தோஷமாக ஆங்கிலத்தில் சொல்வார்கள். அப்படியே நாலு ஸூலு சொல்லும் கற்றுக்கொள்.

பாடத்திட்டம் முடியாது என்பது உண்மை. அப்படியே எல்லாவற்றையும் வாயால் சொல்லி முடிக்க முடியாதுதான். வரையறை, சூத்திர வருவிப்பு இதையெல்லாம் முந்தின நாளே படித்துவரச் சொல், வகுப்பு ஆரம்பத்தில் இரண்டு சின்னக் கேள்வி வை. நீ ஒரு வரி விடாமல் நடத்தினாய். நானும்தான் நடத்தினேன்.

இது அப்பாவின் ஆசை மட்டும் என்று எண்ணிவிடாதே. 2014-இல் வந்த அந்தப் பெரிய தொகுப்பில், கல்லூரி அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் நூற்றுக்குச் சுமார் 34 பேர் தோற்றார்கள். மாணவர்கள் ஏதாவது செய்யும்படி நடத்திய வகுப்புகளில் சுமார் 22 பேர். உன் 180 பேரில் அந்த வித்தியாசம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். டர்பனுக்கு வெளியே ஏதோ ஒரு வீட்டில், குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் வந்த பிள்ளைகள் அவர்களில் எத்தனை பேரோ!

ஆனால் ஒன்றுக்கு நீ தயாராக இருக்க வேண்டும். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். "மேடம் நடத்துவதே இல்லை, நம்மையே பேச விடுகிறார்" என்பார்கள். 2019-இல் ஹார்வர்டிலேயே இதைச் சோதித்தார்கள். தானே போட்டுப் பார்த்துக் கற்ற பிள்ளைகள் தேர்வில் கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகத்தான் சொன்னார்கள். அழகாக ஓடும் விரிவுரையைக் கேட்டவர்கள் எல்லாம் புரிந்த மாதிரி உணர்ந்தார்கள். தலை வலிப்பதைப் புரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள், பாவம். ஆகவே முதல் நாளே இதைச் சொல்லிவிடு. எதற்காக இப்படி நடத்துகிறாய் என்று ஒளிக்காமல் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். வருட முடிவில் உன்னைப் பற்றி எழுதித் தரும் தாளில் இரண்டு கடுமையான வரி வந்தால் மனம் உடைந்துவிடாதே.

பரிசோதனைக்கூடம் பற்றியும் ஒரு வார்த்தை. நான் படித்த கல்லூரியில், நூலில் குண்டு கட்டி ஆடவிடும் தனி ஊசலை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தை அளந்தோம். விடை 9.8 என்று முன்னாலேயே தெரியும். 9.8 வரும்படி நேரத்தைத் திருத்தி, ரெக்கார்ட் நோட்டில் அழகாக எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அளப்பதற்குப் பதிலாகப் பொய் எழுதப் பழகினோம் என்றுதான் இன்று எனக்குத் தோன்றுகிறது. உன் பிள்ளைகளுக்கு விடை தெரியாத கேள்வியாகக் கொடு. ஊசலை 10 பாகையில் விட்டாலும் 20 பாகையில் விட்டாலும் அலைவு நேரம் ஒன்றுதானா? ஒரு மீட்டர் நூலில் 20 அலைவுக்கு வித்தியாசம் கால் நொடிகூட முழுதாக இருக்காது. முதலில் ஒன்றுதான் என்பார்கள், புத்தகத்துச் சூத்திரமும் அதைத்தான் சொல்கிறது. திரும்பத் திரும்ப, கவனமாக அளக்கச் சொல். கடிகாரத்தை அழுத்தும் கையின் தடுமாற்றத்தை எப்படிக் குறைப்பது என்று அவர்களே சண்டை போடட்டும். புத்தகத்துச் சூத்திரம் எந்த இடத்தில் பிசகுகிறது என்பதைத் தன் கையால் கண்டுபிடித்த பையன் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.

சரி, நீளமாகிவிட்டது. வீட்டுச் செய்தி கொஞ்சம். லிச்சி இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது, வௌவாலிடமிருந்து காப்பாற்ற அம்மா மரத்துக்கு வலை கட்டச் சொல்லி என்னைப் படுத்துகிறாள். காவடிக்கு நீ வருவாய் என்று பாட்டி எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். டிக்கெட் எடுத்துவிடு.

கொல்லையில் ஒரு மீட்டர் கழி நட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பெண் கேட்ட வருடத்திலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் பள்ளியில் நட்டேன், இப்போது வீட்டில். நேற்று நடுப்பகலில் நிழல் வடக்கே விழுந்தது, இரண்டு விரல் அகலம்தான். ஜனவரி 20 வாக்கில் 12 மணி 20 நிமிடத்துக்குச் சூரியன் நேர் உச்சியில் வரும், நிழலே இருக்காது. டர்பனில் உனக்கு அது என்றைக்குமே நடக்காது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களுக்குத்தான் அந்தப் பேறு. டர்பனில் வருடம் முழுவதும் நடுப்பகல் நிழல் தெற்கேதான்.

பிப்ரவரியில் முதல் வகுப்பு ஆரம்பிக்கும்போது இதைக் கேள்வியாகப் போடு. நடுப்பகலில் உங்கள் நிழல் எந்தப் பக்கம்? வடக்கா, தெற்கா, நிழலே கிடையாதா, பருவத்துக்குப் பருவம் மாறுமா? நாலு நிற அட்டை. யார் சரி என்று சொல்லிவிடாதே, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போ. எத்தனை பேர் எந்த அட்டையைத் தூக்கினார்கள், வெளியே நின்று என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா