கயலுக்கு, வியோன்னே பற்றி

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய புலம்பலைப் படித்தேன். நீ வரைந்த டிசைனை யாரும் பார்ப்பதில்லை, முதலில் டம்மியில், அந்த ஆளுயரப் பொம்மையில், துணியை ஊசியால் குத்திக் காட்டு என்கிறார்களாம். உன் டீச்சர் சொல்வது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. பாரிஸில் இருந்துகொண்டு ஷனேல், தியோர் என்று இரண்டு பெயரையே சொல்கிறாயே, அவர்களைப் போலவே பாரிஸில் உடை வடிவமைத்த மதலேன் வியோன்னே பற்றிக் கொஞ்சம் படி.

1876இல் பிறந்தவர். வசதியில்லாத வீடு, சிறுமியாக இருக்கும்போதே தையலுக்குப் போய்விட்டார். பதினெட்டு வயதில் கல்யாணம், பிறந்த குழந்தை தங்கவில்லை, கல்யாணமும் நிலைக்கவில்லை, லண்டனுக்குப் போய் ஓர் ஆஸ்பத்திரியில் துணி தைத்தார். பாரிஸ் திரும்பி கலோ சகோதரிகளின் உடைக்கடையில் வேலை, அப்புறம் தூசே என்ற இன்னொரு வடிவமைப்பாளரிடம். அங்கே மாடல்களை இடுப்பை இறுக்கிக் கட்டும் கோர்செட் இல்லாமல் வெறுங்காலோடு நடக்கவிட்டாராம், அந்தக் காலத்தில்! 1912இல் சொந்தக் கடை; முதல் உலகப் போர் வந்ததும் மூட வேண்டியதாயிற்று, முடிந்த பிறகு மறுபடி திறந்தார்.

அவர் காகிதத்தில் வரைந்து தொடங்குகிற ஆள் இல்லை. ஒரு சின்ன மரப்பொம்மை மேல் துணியைச் சுற்றி, மடித்து, குத்தி, அது எப்படி விழுகிறது என்று பார்த்துத்தான் முடிவுசெய்வார். நாம் பைப்பிங்குக்கும் ரவிக்கையின் மார்புத் துண்டுக்கும் கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, வெட்டுகிறோம் இல்லையா, அதை அவர் முழு கவுனுக்கே செய்தார். கிராஸ் கட் அவர் கண்டுபிடித்தது இல்லை, காலருக்கும் ஓரத்துக்கும் முன்பே இருந்ததுதான். ஆனால் பாவும் ஊடையும், நீள நூலும் குறுக்கு நூலும், சாய்ந்து நின்றால் துணி இழுபட்டு உடம்போடு போகும், கொக்கியும் பட்டனும் இல்லாமல் தலைவழியே போட்டுக்கொள்ளலாம் என்பதை அவரளவுக்கு விளையாடிப் பார்த்தவர் இல்லை. இதற்காகவே வழக்கத்தைவிட அகலமாக, இரண்டு மீட்டர் அகலத்தில் கிரேப் துணி நெய்து வாங்கினாராம். மிச்சத் துணி எவ்வளவு போயிருக்கும் என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்று, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. 1923இல் பாரிஸின் அவென்யூ மோந்தேன் தெருவுக்குக் கடை மாறிய பிறகு, அங்கே தைத்த பெண்களுக்கு டாக்டர், பல் டாக்டர், சாப்பாட்டுக்கூடம் எல்லாம் இருந்தன, சட்டம் வருவதற்கு முன்பே சம்பளத்தோடு விடுமுறையும். முதுகு சாய்க்க நாற்காலியும் கொடுத்தார், முக்காலி இல்லை. முக்காலியில் உட்கார்ந்து தைத்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

காப்பியடிப்பவர்கள் தொல்லை தாங்காமல் ஒவ்வொரு கவுனையும் கண்ணாடிகள் முன் நிறுத்தி எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி படமெடுத்து வைத்தார், லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையையும் பதித்தார். 1939இல் கடையை மூடிவிட்டார். 1975 வரை வாழ்ந்தார், 98 வயது.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். கிராஸில் வெட்டியிருந்தால் தைத்தவுடனே கீழ் ஓரத்தை மடிக்காதே. ஒரு ராத்திரி தொங்கவிடு, அங்கங்கே இறங்கும், அப்புறம் மட்டம் பார்த்து வெட்டு. முன்பக்கம் மட்டும் அழகாக ஒரு போட்டோ அனுப்பி ஏமாற்றாமல், பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் சேர்த்து அனுப்பு, எங்கே இழுக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா